நாலு கிலோமீட்டரின் கணக்கு

சென்னை கடற்கரை–எழும்பூர் நாலாவது ரயில் பாதை வீண்செலவாம். நாலேகால் கிலோமீட்டர் தண்டவாளத்துக்காகப் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தி வைத்தது அநியாயமாம்; கால அட்டவணையைத் திருத்தினாலே போதுமாம்.

கோபம் நியாயம்தான். 2023 ஆகஸ்டில் நிறுத்தியபோது சொன்ன தவணை ஏழு மாதம். ரயில் மறுபடி கடற்கரைக்கு வந்தது 2024 அக்டோபர் கடைசியில். இடம் கையில் வராமலே தேதி சொன்னவர்களை எவ்வளவு திட்டினாலும் தகும்.

ஆனால் தாமதத்தைத் திட்டுவது வேறு, பாதையே வேண்டாம் என்பது வேறு. அதுவரை அங்கே இருந்தவை மூன்று. இரண்டில் புறநகர் ரயில்கள். மிச்சமிருந்த ஒற்றைப் பாதையில்தான் தொலைதூர ரயிலும் சரக்கும் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். எதிரே ஒன்று வந்தால் இன்னொன்று காத்துக் கிடக்கும். எந்த அட்டவணை இதைத் தீர்க்கும்?

அதே தடத்தில் தாம்பரத்துக்குத் தெற்கே நிலைமை இன்னும் மோசம். செங்கல்பட்டு வரை மூன்றே பாதைகள். ஊருக்கு ஊர் நிற்கும் மின்ரயிலும் நிற்காமல் பாயும் விரைவு ரயிலும் அவற்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. சிக்னலை நவீனமாக்கினால் ரயில்களுக்கிடையே இடைவெளி குறையும், வாஸ்தவம். ஆனால் முன்னால் போவது பொத்தேரியில் நின்றால், பின்னால் வருவது வைகை விரைவு ரயிலே ஆனாலும் நின்றுதான் ஆகவேண்டும். கூடுவாஞ்சேரிக்காரர் அடுத்த மின்ரயிலுக்கு நெடுநேரம் காத்திருப்பதும் இதனால்தான்.

அங்கும் நாலாவது பாதை வேண்டும். இம்முறை நிலத்தைக் கையில் வாங்கிவிட்டு அப்புறம் தேதி சொல்லுங்கள்.