வழிபாட்டுக்கு வழிவிடும் அலுவலகம்

2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே, மத்திய அரசு ஊழியர்கள் முழுநேரமும் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவிட்டார் அமெரிக்க அதிபர் டிரம்ப். அதே அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகம் ஜூலையில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: மதக் கடமைக்காக வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்போரின் கோரிக்கையைத் தாராள மனத்துடன் அணுகுங்கள். இதை மனமார வரவேற்கிறேன். டிசம்பரில் வாஷிங்டனில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். வெள்ளிக்கிழமை அந்தியில் தொடங்கும் ஓய்வுநாளுக்கு முன் வீடு சேர வேண்டிய யூத ஊழியருக்குப் பயண நேரம் மிச்சமானால் விடுப்பே தேவைப்படாது. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகைக்குச் செல்லும் முஸ்லிம் ஊழியருக்கும் இது பொருந்தும், வேலையும் தடைபடாது. இது சலுகை அல்ல, சட்டம். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் மத நம்பிக்கைக்குப் பாதுகாப்பு தருகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலையை மறுத்த அஞ்சல் ஊழியரின் வழக்கில், கணிசமான கூடுதல் சுமையை நிரூபித்தால்தான் நிர்வாகம் கோரிக்கையை மறுக்கலாம் என 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் தாராளம் ஒரு வாசலோடு நின்றுவிடக் கூடாது. பெரும்பான்மை மதத்தவருக்குக் கிடைப்பது சிறுபான்மையினருக்கும் கிடைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் ஊழியர் இதே வசதியைக் கேட்டால், அவரையும் அலைக்கழிக்காமல் அனுமதிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை நடக்கும் என்று ஒருவருக்கு ஒப்புக்கொண்ட அரசு, தகுதியுள்ள மற்றவருக்கு அதை மறுப்பது நியாயமல்ல.