தொட்டியையும் ஒருவர் வனையட்டும்



சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் மொட்டைமாடிகளில் போன்சாய் வளர்க்கும் உங்களுக்காகவே இந்தப் பக்கம். ஆல், அரசு, இச்சி, புளி, போகன்வில்லா எல்லாம் நம் வெயிலுக்குப் பழகியவை. பல வருடம் பொறுத்திருந்து அடிமரம் திரளவைக்கிறீர்கள். கடைசியில் அந்த மரம் போய் உட்காருவது ஒரு பிளாஸ்டிக் தட்டில்! அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

போன்சாய்த் தொட்டிக்குப் பேர்போன ஊர் ஜப்பானின் தொகொனாமே. ஆனால், மண்சிற்பத்தை மரத்தோடு சேர்த்துப் பார்க்கும் கண் நமக்கும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் நமணசமுத்திரம் பக்கம் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். வேளார்கள் வனைந்து சுட்ட குதிரைகள், நேர்ந்துகொண்டவர்கள் நிறுத்தியவை, மரங்களுக்கிடையே வரிசை கட்டி நிற்கின்றன. மழையில் கறுத்து, உடைந்து, மறுபடி மண்ணாகும்போதுகூட அவை அந்த இடத்துக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. மாடியிலும் அந்த நிதானம் போதும்: ஆலமரத் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு சுடுமண் குதிரை ஒன்றே ஒன்று. சாயம் பூசிய பொம்மைகளை வேரடியில் நெருக்கி வைத்தால் மரம் சிறுத்துப்போகும்.

தொட்டிக்கு வருவோம். ஆழம் அடிமரத்தின் தடிமன் அளவு, நீளம் மர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுக்கணக்கு. ஆல், புளி போன்ற முரட்டு மரத்துக்குக் கிளேஸ் இல்லாத மண்நிறமும், போகன்வில்லாவுக்கு நீலமோ பச்சையோ கிளேஸும் பொருந்தும். உட்புறம் கிளேஸ் வேண்டாம். அகலமான வடிகால் துளைகளும், மரத்தை இறுக்கிக் கட்டக் கம்பித் துளைகளும் வைக்கும்படி குயவரிடம் கேளுங்கள். ஐப்பசி மழையில் நீர் தேங்காமலிருக்கக் கால்கள் அவசியம். நீண்ட மண்கலத்துக்குக் கால் வைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பல்லாவரத்தில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த ஈமப்பேழையே வரிசையான குட்டைக் கால்களில் நிற்பதுதான்.

செம்மண் தொட்டி வேரைக் குளிர்விக்கும். ஆனால் சீக்கிரம் காயும், போர் தண்ணீரின் உப்பு வெளியே வெள்ளையாகப் பூக்கும். 1200 டிகிரிக்கு மேல் சுடும் ஸ்டோன்வேரில் இந்தத் தொல்லை குறைவு. அந்தக் கலைக்கு நமக்கு அருகிலுள்ள பெரிய பெயர் புதுச்சேரியின் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-இல் தொடங்கியது. அங்கே பயின்றவர்கள் இன்று நாடெங்கும் சூளை வைத்திருக்கிறார்கள்.

எந்த மண்ணானாலும் காய்ந்து சுட்டபின் சுருங்கிவிடும்; பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோகூடச் சுருங்கலாம். அதனால் சுட்டு முடித்த பிறகு வேண்டிய அளவு இது என்று தெளிவாகச் சொல்லுங்கள். பேரம் பேசாதீர்கள், வனைவது, காயவைப்பது, சுடுவது எல்லாம் சேர்ந்தால் வாரக்கணக்கான உழைப்பு.

அடுத்தமுறை தொட்டி மாற்றும்போது சென்னையில் குயவர்கள் இருக்கும் கொசப்பேட்டைக்கோ, உங்களுக்குத் தெரிந்த குயவரிடமோ போங்கள். மரத்தின் படத்தைக் காட்டி அவர் யோசனையையும் கேளுங்கள். பிறகு மரமும் தொட்டியுமாக ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். வனைந்தவர் சம்மதித்தால் அவர் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்