வீடு தமிழனது, வரைபடம் எவன் மொழியில்?

தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் இயற்றப்பெற்றது. 65 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், மாநகராட்சி எல்லைக்குள் தன் உழைப்பில் வாங்கிய மனையில் ஒரு கூரை அமைக்க முனையும் தமிழன், செங்கற்சுவர் எழுமுன்னர் ஆங்கிலச் சுவரில் முட்டிக்கொள்கின்றான்.

அவன்றன் நிலவுரிமைச் சான்று தமிழில் இருக்கின்றது. வரைபடத்திலோ, பெரும்பாலும், அடுக்களை 'கிச்சன்' ஆகின்றது. சுற்றிலும் விடவேண்டிய வெற்றிடம் 'செட்பேக்' ஆகின்றது. தளப்பரப்புக் குறியீடு 'எப்.எசு.ஐ.' ஆகின்றது.

2024 சூலையில் தற்சான்று முறை தொடங்கப்பெற்றது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ அதன்மேல் இன்னொரு தளமுமோ கட்டுவார்க்கு இணையவழி உடனடி இசைவு கிடைக்கின்றது. நன்றே! ஆயின், நெறிக்குட்பட்டே கட்டுவதாக உறுதி கூறுபவன் வீட்டுடையவன். பிழை நேரின் பொறுப்பும் அவன் தலைமேல். பொருள் விளங்காத் தாளில் இடும் ஒப்பம் உறுதிமொழியாகுமா? அவ் விளங்காமையன்றோ இடைத்தரகர்க்கு விளைநிலம்!

தமிழில் சொல் இல்லை என்பாரும் உளர். தூண், விட்டம், தளம், நிலை, தாழ்வாரம், முற்றம், கைப்பிடிச்சுவர் எனக் கொத்தனார் நாவில் நாளும் வாழ்வன எம்மொழிச் சொற்கள்? சொல் உண்டு, உணர்வுதான் இல்லை.

வேண்டுகைத்தாள், வரைபடம், உறுதிமொழி, இசைவாணை ஆகிய நான்கும் தமிழில் வருக! பொறியாளர் தமிழில் வரைக! வீடு கட்டுவார், தமிழ் வரைபடமே வேண்டுமெனக் கேட்டுப் பெறுக! கேளாத உரிமையை எவ்வரசும் வீடு தேடிவந்து தருவதில்லை.