போர்டு போச்சு சார்!

உங்கள் லேப்டாப் ஒருநாள் காலையில் ஆன் ஆகவில்லை. பட்டனை அமுக்கினால் விளக்கு எரியவில்லை, விசிறி சத்தமும் இல்லை. கல்லு மாதிரி கிடக்கிறது. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். டோக்கன் வாங்கி, ஏ.சி.யில் அரை மணி நேரம் உட்கார்ந்தபிறகு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன் ஒருவன் வந்து மூன்றே வார்த்தையில் தீர்ப்பு சொல்கிறான்: "போர்டு போச்சு சார்." மாற்றுவதற்கு 28 ஆயிரம் ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. "பேசாம புதுசு வாங்கிடுங்க சார், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஓடிட்டிருக்கு."

அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "போர்டுல எது போச்சு தம்பி?"

முழிப்பான். அவனுக்குத் தெரியாது. அவன்மேல் தப்பும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்றுதான் அவனைப் பழக்கியிருக்கிறார்கள். பழையதைக் கழற்று, புதியதைப் பூட்டு, பில்லைப் போடு. இதற்குப் பெயர் ரிப்பேர் என்றால், செருப்பு அறுந்தவனுக்குப் புதுச் செருப்பு விற்பவரையும் செருப்பு தைக்கிறவர் என்று சொல்லிவிடலாம்.

லாஜிக் போர்டு, மதர் போர்டு, எந்தப் பெயரில் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். அது ஒரு பொருள் அல்ல. ஓர் ஊர். ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்னச் சின்ன சாமான்கள் அதில் குடியிருக்கின்றன. கடுகு சைஸில் கெபாசிட்டர்கள், ஐ.சி.கள், மாஸ்ஃபெட்டுகள். அடாப்டரிலிருந்து வரும் 19 வோல்ட் உள்ளே நுழைந்து, காவல்காரன் மாதிரி நிற்கும் மாஸ்ஃபெட்டுகளைத் தாண்டி, 5 வோல்ட்டாகவும் 3.3 வோல்ட்டாகவும் இன்னும் கீழேயும் இறங்கி வீடு வீடாகப் போகிறது. ஒவ்வொரு வோல்ட்டேஜ் லைனும் ஒரு தெரு. அந்தத் தெருவில் பல கெபாசிட்டர்கள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்றே ஒன்று உள்ளுக்குள் உடைந்து ஷார்ட் ஆனால் போதும், மொத்தத் தெருவும் இருட்டு. தெரு இருண்டால் ஊரே எழுந்திருக்காது.

இப்போது சொல்லுங்கள். ஒரு வீட்டில் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தெருவே இருண்டால் ஈ.பி. லைன்மேன் என்ன செய்வார்? எந்த வீடு என்று தேடுவாரா, ஊரை இடித்துவிட்டுப் புது ஊர் கட்டச் சொல்வாரா?

தேடுவதற்கு வழி இருக்கிறது. அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாருங்கள். 'சிப் லெவல் சர்வீஸ்' என்று போர்டு மாட்டியிருக்கும் மாடிக் கடைகளில் இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் போர்டைத் தனியாகக் கழற்றி, பவர் சப்ளையில் கோர்த்து, எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்பார்கள். டாக்டர் நாடி பிடிப்பது மாதிரி. ஒன்றுமே இழுக்கவில்லை என்றால் வாசலிலேயே கோளாறு. தாறுமாறாக இழுத்தால் எங்கேயோ ஷார்ட். மல்ட்டிமீட்டரை வைத்து எந்தத் தெரு என்று கண்டுபிடித்தாயிற்று. எந்த வீடு? அந்த லைனில் ஒரு வோல்ட் மாதிரி கொஞ்சமாகக் கரன்ட் கொடுப்பார்கள். ஷார்ட் ஆன சாமான் மட்டும் சுடும். தெர்மல் கேமரா இருந்தால் அதில் பளிச்சென்று தெரியும். இல்லாவிட்டால் மேலே கொஞ்சம் ஆல்கஹால் தடவினால் போதும். எங்கே முதலில் காய்கிறதோ, அங்கேதான் திருடன். மைக்ராஸ்கோப்பின் கீழே ப்ளோயரால் அதை எடுத்துவிட்டு வேறு ஒன்று வைப்பார்கள். அந்தக் கெபாசிட்டரின் விலை ஓரிரு ரூபாய். மீதி எல்லாம் மூளைக்கான கூலி.

எல்லாக் கோளாறும் இவ்வளவு சுலபமா? இல்லை. பிராசஸரே செத்துவிட்டால் போர்டு போச்சு என்பது உண்மைதான். தண்ணீர் கொட்டி மாதக்கணக்கில் அரித்ததையும் சொஸ்தப்படுத்துவது கஷ்டம். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்வது வேறு, பார்க்காமலே சொல்வது வேறு.

பார்க்காமல் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. 2018 அக்டோபரில் கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சி, திரை இருண்டுபோன ஒரு மேக்புக் ப்ரோவை ரகசிய கேமராவோடு ஆப்பிள் கடைக்கு எடுத்துப்போனது. ஈரம் பட்ட அடையாளம் இருக்கிறது, லாஜிக் போர்டு உள்பட மாற்றவேண்டும், 1,200 டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். அதே லேப்டாப்பை நியூயார்க்கில் லூயி ராஸ்மன் என்ற ரிப்பேர்காரரிடம் கொடுத்தார்கள். திரைக்கு வெளிச்சம் தரும் கேபிளில் ஒரு பின் வளைந்திருந்தது. நிமிர்த்தினார். வெளிச்சம் வந்துவிட்டது. சில நிமிட வேலை.

கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? கெட்ட எண்ணம் என்று ஒரே வரியில் முடித்துவிட மாட்டேன். பி.காம். படித்தவன், கணக்கு புரிகிறது. கோளாறு தேடத் தெரிந்த ஆளை உருவாக்க வருஷக்கணக்காகும். அவன் எவ்வளவு நேரத்தில் முடிப்பான் என்று சொல்லமுடியாது. போர்டு மாற்ற இரண்டு வாரப் பயிற்சி பெற்ற பையன் போதும், நேரமும் கணக்காக இருக்கும். அவர்கள் லெட்ஜரில் இது லாபம்தான். ஆனால் அந்த லாபத்துக்கான செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது? உங்கள் கணக்கில்! இதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

பணம் மட்டுமா? பல புதிய லேப்டாப்களில் ஸ்டோரேஜை போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். போர்டை மாற்றினால் உங்கள் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ, மகளின் பிஹெச்.டி. ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் பழைய போர்டோடு போய்விடும். அங்கே ஓரிரு ரூபாய்க் கெபாசிட்டர் மாற்றத் தெரிந்தவன்தான் கடவுள்.

கம்பெனிகளின் வாதம் தெரிந்ததுதான். "வெளி ஆள் தொட்டால் ஆபத்து. மட்டமான வேலை செய்வார்கள்." இதில் பாதி உண்மை. கிராஃபிக்ஸ் சிப்பைச் சூடு காட்டி எழுப்பிவிட்டு, 'ரெடி சார்' என்று பணம் வாங்கும் ஆசாமிகள் இருக்கிறார்கள். அடுத்த மாதம் அது மறுபடி படுத்துக்கொள்ளும். ஆனால் ஏன் சூடு காட்டுகிறான்? சர்க்யூட் படம் இல்லை. ஒரிஜினல் ஐ.சி. விலைக்குக் கிடைப்பதில்லை. செத்த போர்டிலிருந்து பிடுங்கி ஒட்டுகிறான். எக்ஸ்ரேயை ஒளித்துவைத்துவிட்டு, டாக்டருக்கு வைத்தியம் தெரியவில்லை என்றால் என்ன நியாயம்?

இந்த ஒளித்துவைப்பு ஆதிகாலத்திலிருந்து வந்ததும் இல்லை. வால்வு ரேடியோக்களில் மூடிக்கு உள்ளேயே சர்க்யூட் படம் ஒட்டி வந்த காலம் உண்டு. ஐ.பி.எம். 1981-ல் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை விற்றபோது, சர்க்யூட் படங்களோடு டெக்னிகல் புத்தகமும் விற்றது. இன்றைக்கு அதே படம் கம்பெனி ரகசியம். ரிப்பேர்காரன் திருட்டு காப்பி தேடி அலைகிறான்.

சட்டம் மெதுவாக நகர்கிறது. நியூயார்க்கில் 2022 டிசம்பரில் சட்டம் கையெழுத்தானது. கடைசி நேரத்தில், ஆபத்து என்று சொல்லி, தனி உதிரிபாகத்துக்குப் பதில் முழு அசெம்பிளியாகவே கொடுக்கலாம் என்று ஒரு சந்து வைத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்து, நூறு டாலருக்கு மேற்பட்ட சாதனங்களுக்கு 7 வருடம் உதிரிபாகமும் கையேடும் கிடைக்கவேண்டும். நம் மத்திய அரசு 2022 ஜூலையில் கமிட்டி போட்டது, டிசம்பரில் இணையதளம் திறந்தது. நல்லது. ஆனால் இணையதளம் யாரையும் கட்டாயப்படுத்தாது. நம்மால் முடியாதா என்றால், முடியும். 2014-ல் கார் கம்பெனிகள் உதிரிபாகத்தை வெளிச்சந்தைக்கு விடாமல் பூட்டிவைத்ததற்காக, போட்டி ஆணையம் 14 கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் தொகை குறைந்தது வேறு விஷயம். காருக்குப் பொருந்துகிற நியாயம் லேப்டாப்புக்கு மட்டும் பொருந்தாதா?

2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை போட்டது என்கிறது ஐ.நா. அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால் பாகம்கூட இல்லை. அந்த மலையில் ஒரு கெபாசிட்டர் போனதற்காக எறியப்பட்ட லேப்டாப்களும் கிடக்கின்றன.

கடைசியாக உங்களோடும் ஒரு சண்டை இருக்கிறது. ரிச்சி தெருக்காரர் இரண்டு மணி நேரம் கண்ணைச் சுருக்கித் தேடிவிட்டு, "இது தேறாது சார், பார்த்ததுக்கு 500 ரூபாய் கொடுங்க" என்றால் நமக்குக் கோபம் வருகிறது. "ஒண்ணுமே பண்ணலியே, எதுக்குக் காசு?" டாக்டர் சும்மா பார்த்ததற்கு ஃபீஸ் கொடுக்கிற நாம், இவருக்கு மட்டும் கொடுக்க மாட்டோம். பொருளுக்கு விலை கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்க மாட்டோம் என்று நாம் இருக்கும்வரை, தேடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடுவார்கள். அப்புறம் மாற்றத் தெரிந்தவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

எனவே அடுத்தமுறை எஸ்டிமேட் நீட்டினால் எந்த லைனில் கோளாறு, எந்தச் சாமான் போச்சு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பழைய போர்டைத் திருப்பிக் கேளுங்கள். இன்னொருவரிடம் காட்டுங்கள். அவர் பார்த்ததற்குக் கேட்கிற 500 ரூபாயை, தயவுசெய்து, பேரம் பேசாமல் கொடுங்கள்.