ரீஸ்டார்ட் ஒரு வைத்தியமா?

கம்ப்யூட்டர் தொங்குதுன்னு யார்கிட்ட சொன்னாலும் ரெண்டே பதில்தான். ஒண்ணு, "ரீஸ்டார்ட் பண்ணுங்க". கொஞ்சம் லினக்ஸ் தெரிஞ்ச ஆளா இருந்தா, "கில் மைனஸ் 9 அடிங்க பாஸ்". எனக்கு ரெண்டையும் கேட்டா பத்திக்கிட்டு வருது மக்களே.

காய்ச்சல்னு வந்தவனுக்கு நாடி பிடிச்சுக்கூடப் பார்க்காம ஊசி போடுற கதை இது. பார்க்கக் கருவி இல்லையா என்ன? வில்லியம் லெஃபெவ்ர் 'டாப்' எழுதினது 1984-ல. கலர் கலரா 'எச்டாப்' வந்தது 2004-ல. விண்டோஸ் எக்ஸ்பி புரொபஷனல்லயே கறுப்புத் திரையில 'டாஸ்க்லிஸ்ட்'னு அடிச்சா ஓடுற புரோகிராம் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். பார்க்கத்தான் ஆள் இல்லை.

அந்த 9-க்கு வர்றேன். சும்மா 'கில்'னு மட்டும் அடிச்சா போறது 15-ம் நம்பர் சிக்னல். "மூட்டையைக் கட்டுப்பா"ன்னு சொல்ற மாதிரி. ஒழுங்கா எழுதின புரோகிராம்னா எழுதிட்டிருந்த ஃபைலை முடிச்சுட்டுக் கிளம்பும். 9 அப்படி இல்லை. புரோகிராமால அதைப் பிடிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. பாதி எழுதின ஃபைல் பாதியிலேயே நிக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கையேட்டுலயே சர்வரை நிறுத்த 9 வேணாம்னு எழுதி வச்சிருக்காங்க. எவன் படிக்கிறான்?

இன்னொரு கூத்து, 9 அடிச்சும் போகாத கேசுங்க. 'பிஎஸ்' அடிச்சு 'ஸ்டாட்' பத்தியைப் பாருங்க. இசட்னு இருந்தா ஜோம்பி. செத்தவனை எப்படிச் சாமி கொல்லுவீங்க? அப்பன் புரோகிராம் சாவைப் பதிவு பண்ணாததால ரேஷன் கார்டுல பேர் மட்டும் நிக்குது. பிடிக்க வேண்டியது அப்பனை. டின்னு இருந்தா, பெரும்பாலும் டிஸ்க்கோ நெட்வொர்க் டிரைவோ பதில் தரும்னு காத்துட்டிருக்கு. அது நீடிச்சா டிஸ்க் படுக்கப் போகுதான்னு பார்க்கணும். ரீஸ்டார்ட் பண்ணினவன் அந்தத் தடயத்தையும் சேர்த்து அழிச்சுட்டான்.

நான் முன்னாடி வேலை பார்த்த இடம், பேர் வேணாம். தினம் ராத்திரி 2 மணிக்கு சர்வர் தானா ரீஸ்டார்ட் ஆகும். ஏன்னு கேட்டா, "இல்லைன்னா மதியம் தொங்கிடும் சார்". ராத்திரி ஷிஃப்ட்ல பில் போடுற பையன் அந்த 10 நிமிஷமும் கஸ்டமர்கிட்ட திட்டு வாங்குவான். நான் பிஎஸ் லிஸ்டை மெமரி அளவுப்படி அடுக்கி, மணிக்கொரு தடவை ஃபைல்ல எழுத வச்சேன். ரெண்டே நாள். ரிப்போர்ட் எடுக்குற ஒரு புரோகிராம் மட்டும் மணிக்கு மணி வீங்கிட்டே போனது அப்பட்டமாத் தெரிஞ்சது. நாலு வரி திருத்தினா முடிஞ்சது. மேல இருந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "இப்ப ஓடுதுல்ல, எதுக்கு வம்பு?" பையன் திட்டு வாங்கினது வாங்கினபடிதான்.

"நேரமில்லை, வேலை நடக்கணும்"பீங்க. சரி. 'பிக்ரெப்' அடிச்சுப் பேர் சொன்னா புரோகிராம் நம்பர் வர ஒரு செகண்ட் ஆகுமா? அப்புறம் 15. கொஞ்சம் பொறுங்க. அப்பவும் அடம் பிடிச்சா, அதுக்குத்தான் 9. அதை நான் வேணாம்னு சொல்லலை, முதல் கட்டளையா எடுக்காதீங்கன்றேன்.

எவனோ சொன்னான்னு கட்டளையைக் காப்பி அடிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். லினக்ஸ்ல 'கில்ஆல்' நீங்க பேர் சொன்ன புரோகிராமைத்தான் கொல்லும். சோலாரிஸ்ல ரூட்டா இருந்து அதையே அடிச்சா ஓடுற அத்தனையையும் காலி பண்ணிடும். ஒரே பேர்தான், ஊர்தான் வேற.

உங்க பொட்டியில இந்த நிமிஷம் என்ன ஓடுதுன்னு உங்களுக்கே தெரியலைன்னா, அது உங்க பொட்டி இல்லை. அடுத்த தடவை தொங்கும்போது பவர் பட்டனுக்குக் கை போறதுக்கு முன்னாடி ஒரு தடவை 'டாப்' அடிங்க. அம்புட்டுதேன்.

டிஸ்கி: மின்விசிறியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகுதேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. அது வேற டிபார்ட்மென்ட்.