கிணறு தோண்டறது சரி, மூடி எங்கே சார்?

பெட்ரோல் லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் போதும், மும்பை லோக்கலில் தாதரில் ஆரம்பிக்கிற விவாதம் விரார் வரைக்கும் ஓடும். 2024 ஜனவரியில் காக்கிநாடாவுக்கு அப்பால் கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் ஓ.என்.ஜி.சி. முதல் எண்ணெயை எடுத்தது என்று செய்தி வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். தேவைப்படுகிற கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிற நாடு, சொந்தக் கடலில் தோண்டாமல் என்ன செய்யும்?

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கிணறுகளில் ஒன்று கைமீறிப் பீறிட்டால், அதை மூடுகிற சாதனம் எந்த ஊரில் இருக்கிறது? எந்தக் கப்பல் அதைக் கொண்டு வரும்? எத்தனை நாளில்? கேட்டுப் பாருங்கள். "ஏன் சார் எப்பவும் நெகடிவாவே பேசறீங்க" என்பார்கள். ஒரு வீட்டுக் கடன் கேட்டு வருகிறவரிடம் மூலப்பத்திரம், வில்லங்கம், சாலரி சிலிப், ஜாமீன் என்று நாங்கள் கேட்கிறோமே, அப்போது யாரும் எங்களை நெகடிவ் என்று சொல்வதில்லை!

நான் இஞ்சினியர் இல்லை, பி.காம். படித்தவன். ஆனால் இது புரிய இஞ்சினியரிங் வேண்டாம். பூமிக்கு அடியில் எண்ணெயும் வாயுவும் பயங்கர அழுத்தத்தில் இருக்கின்றன. துளை போடும்போது கனமான சேற்றுக் கரைசலை உள்ளே நிரப்பி அந்த எடையால் அதை அமுக்கி வைக்கிறார்கள். குழாயைச் சுற்றி சிமென்ட் போடுகிறார்கள். இரண்டும் ஏமாற்றினால் கடைசிக் கதவாக, கிணற்றின் தலையில் பி.ஓ.பி. என்கிற ராட்சத வால்வு அடுக்கு உட்கார்ந்திருக்கும். நாலைந்து மாடி உயரம். ஆபத்து வந்தால் குழாயையே கத்தரித்து மூட வேண்டியது அதன் வேலை. அதுவும் கைவிட்டால்தான் ப்ளோஅவுட்.

2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா, பி.பி. கம்பெனியின் மகோண்டோ கிணறு. மூன்றும் கைவிட்டன. டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் 11 பேர் செத்தார்கள். ரிக்கோடு தொடர்பு அறுந்தால் தானாகவே மூட வேண்டிய பி.ஓ.பி.யில் நீலம், மஞ்சள் என்று இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகள், ஒன்று போனால் இன்னொன்று என்ற கணக்கில். இரண்டிலுமே வயரிங், பேட்டரி கோளாறுகள் இருந்ததைப் பின்னால் வந்த விசாரணை கண்டுபிடித்தது. கிணறு இருந்த ஆழம் 1500 மீட்டர். மனிதன் இறங்க முடியாது, ரோபோதான் இறங்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. மே மாதம் ஒரு பெரிய இரும்புக் கூண்டை இறக்கிக் கவிழ்க்கப் பார்த்தார்கள். வாயுவும் குளிர்ந்த தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்து கூண்டை அடைத்துவிட்டது. அடுத்து மேலிருந்து சேற்றை அடித்து இறக்கிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ரப்பர் துண்டு, கோல்ஃப் பந்து எல்லாம் உள்ளே தள்ளினார்கள். (நிஜமாகவே கோல்ஃப் பந்து. நான் கிண்டல் பண்ணவில்லை.) கடைசியில் புதிதாக ஒரு வால்வு மூடியைச் செய்து, ஜூலையில் கிணற்றுத் தலையில் உட்காரவைத்து, 15-ம் தேதி மூடினார்கள். 87 நாள்! அமெரிக்க அரசின் கணக்குப்படி அதற்குள் சுமார் 49 லட்சம் பீப்பாய் வெளியே வந்துவிட்டது.

மூடி செய்வது முடியாத காரியமாக இருந்திருந்தால் அது வேறு. செய்ய முடிந்தது, முன்கூட்டிச் செய்து வைக்கவில்லை. அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அதே வளைகுடாவில் மெக்சிகோ பக்கம் 1979 ஜூனில் இக்ஸ்டாக் என்ற கிணறு பீறிட்டது. வெறும் 50 மீட்டர் ஆழம். அங்கேயும் கூண்டு கவிழ்த்தார்கள், சேறு அடித்தார்கள், இரும்பு உருண்டைகளைப் போட்டார்கள். அடங்க 1980 மார்ச் ஆகிவிட்டது. முப்பது வருஷம் கழித்து, முப்பது மடங்கு ஆழத்தில், அதே வைத்தியம். இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பதில் மட்டும் மூளையும் பணமும் போனது.

பி.பி.யிடம் அவசரத் திட்டம் இல்லாமலா? இருந்தது, கட்டுக்கட்டாக. மெக்சிகோ வளைகுடாவுக்கான அந்தத் திட்டத்தில், காப்பாற்ற வேண்டிய பிராணிகள் பட்டியலில் வால்ரஸ் இருந்தது. தந்தம் மாதிரி ரெண்டு பல்லோடு துருவப் பனிக்கடலில் வாழ்கிற பிராணி! ஆலோசனை கேட்க வேண்டிய நிபுணர்களில் ஒருவர் 2005-லேயே இறந்துபோனவர். திட்டத்தின் தேதி 2009. அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் மற்ற பெரிய கம்பெனிகளின் திட்டங்களையும் எடுத்துப் பார்த்தால், அவையும் கிட்டத்தட்ட அச்சு அசல் அதே. அங்கேயும் சிலதில் வால்ரஸ். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் பழைய ஃபைலில் தேதியை மாற்றுகிற ஆட்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு போல.

அடி வாங்கிய பிறகு அமெரிக்கா செய்ததைப் பாராட்டத்தான் வேண்டும். மூடும் ஏற்பாட்டை நிரூபித்தால்தான் ஆழ்கடலில் தோண்ட அனுமதி என்றார்கள். எக்ஸான்மொபில், ஷெவ்ரான், கோனோகோஃபிலிப்ஸ், ஷெல் நான்கும் சேர்ந்து 100 கோடி டாலர் ஒதுக்கி இதற்கென்றே தனிக் கம்பெனி ஆரம்பித்தன. கேப்பிங் ஸ்டாக் என்கிற மூடிகள் தயாராகிக் கரையில் காத்திருக்கின்றன. 2012 ஜூலையில் அப்படி ஒன்றை ஏறக்குறைய 2100 மீட்டர் ஆழத்துக்கு நிஜமாகவே இறக்கி ஒத்திகை பார்த்தார்கள். பிற நாடுகளுக்காக நார்வே, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, பிரேசில் என்று நான்கு இடங்களில் பொது மூடிகளை வைத்தார்கள்.

"அப்புறம் என்ன, சிங்கப்பூர் பக்கத்துலதானே?" என்பீர்கள். சிங்கப்பூரிலிருந்து காக்கிநாடாவுக்கு ஏறக்குறைய 1600 கடல் மைல். கனரகச் சரக்கோடு கப்பல் மணிக்குப் பத்து மைல் வந்தால் ஒரு வாரம். அது கப்பல் ஓடுகிற நேரம் மட்டும். தகுந்த கிரேன் உள்ள கப்பலைப் பிடிக்க, மூடியை ஏற்றிக் கட்ட, கஸ்டம்ஸ், வெளிநாட்டு ஆட்களுக்கு விசா, இதற்கெல்லாம் எத்தனை நாள்? கூடவே, நம் கிணற்றுத் தலையில் அந்த மூடி பொருந்துமா என்று முதலிலேயே அளந்து வைத்திருக்க வேண்டும். புயல் மாதத்தில் வங்கக்கடல் எப்படி இருக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டாம்.

இன்னொன்று, மூடி எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. பாம்பே ஹை மாதிரி நூறு மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில், வாயு கொப்பளித்து வரும்போது கிணற்றுக்கு நேர் மேலே கப்பலை நிறுத்துவதே ஆபத்து. அங்கே பெரும்பாலும் ஒரே வழி, தள்ளி நின்று இன்னொரு கிணறு தோண்டி, அடியில் போய்ப் பழைய கிணற்றைச் சந்தித்து, சேறு அடித்து அடைப்பது. 2009 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே மொன்டாரா கிணறு பீறிட்டபோது அதைத்தான் செய்தார்கள். அதற்கான ரிக் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டியிருந்தது. குறி தவறித் தவறி ஐந்தாவது முயற்சியில் கிணறு கிடைத்தது. மொத்தம் 74 நாள். ஆகவே, பக்கத்தில் எந்த ரிக்கைக் கூப்பிடலாம் என்பதும் முதலிலேயே எழுதி வைக்கவேண்டிய விஷயம்.

இங்கே இதெல்லாம் நடக்காது என்கிறவர்களுக்கு: 1982 ஜூலையில் பாம்பே ஹையில் சாகர் விகாஸ் ரிக் வேலை செய்த கிணறு பீறிட்டது. 1995 ஜனவரியில் கோதாவரி டெல்டாவில் பாசர்லபூடி கிணறு 65 நாள் எரிந்தது. அதெல்லாம் பழைய கதை என்றால் 2020-க்கு வாருங்கள். மே 27 அன்று அஸ்ஸாமின் பாக்ஜானில் ஆயில் இந்தியா கிணறு பீறிட்டது. சிங்கப்பூரிலிருந்து நிபுணர்கள் வந்து சேர ஜூன் 8. மறுநாள் தீப்பிடித்து, தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் செத்தார்கள். கடைசியில் கிணற்றை அடைக்க வேண்டிய இயந்திரம் கனடாவிலிருந்து விமானத்தில் கொல்கத்தா வந்து, அங்கிருந்து ரோட்டில் போனது. கிணறு அடங்கியது நவம்பர் 15. ஐந்தரை மாதம்! கொரோனா காலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது லாரி போகிற தரைக் கிணறு ஐயா. கலெக்டர் ஜீப்பில் போய்ப் பார்க்கக்கூடிய இடம். கடலுக்கடியில் இரண்டாயிரம் மீட்டரில் இது நடந்தால்?

சரி, இதையெல்லாம் மேற்பார்க்கிறது யார்? கடலில் தோண்டும் பாதுகாப்புக்கு 2008-ல் விதிகள் வந்தன. அமல்படுத்துவது ஓ.ஐ.எஸ்.டி. என்கிற பாதுகாப்பு இயக்ககம். அது இருப்பது பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ். ஓ.என்.ஜி.சி.யும் ஆயில் இந்தியாவும் அதே அமைச்சகத்தின் கீழ். பிளாக்குகளை ஏலம் விடுவதும், உற்பத்தி ஏன் குறைந்தது என்று கேட்பதும் அதே அமைச்சகம். பாங்கில் பத்தாயிரம் ரூபாய் வவுச்சருக்கே எழுதுகிறவர் ஒருவர், பாஸ் பண்ணுகிறவர் இன்னொருவர். கடன் டார்கெட்டைத் துரத்துகிற மேனேஜரையே ஆடிட்டராகவும் போட்டால் அந்தக் கிளை என்ன ஆகும் என்று பாங்க் வாசலில் நிற்கிற செக்யூரிட்டி கூடச் சொல்வார்.

பிரிட்டனில் 1988-ல் பைப்பர் ஆல்பா எரிந்து 167 பேர் செத்த பிறகு, பாதுகாப்பை எரிசக்தித் துறையிடமிருந்து பிடுங்கித் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பிடம் கொடுத்தார்கள். ராயல்டி வசூலையும் பாதுகாப்பையும் ஒரே அலுவலகத்தில் வைத்திருந்த அமெரிக்கா, மகோண்டோவுக்குப் பிறகு அதை மூன்றாக உடைத்தது. ரெண்டு பேரும் பிணம் விழுந்த பிறகுதான் செய்தார்கள். நாமும் அப்படித்தான் செய்யவேண்டும் என்று வேண்டுதலா?

அப்புறம் பணம். மகோண்டோவுக்காக பி.பி. இதுவரை 6000 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. பி.பி. பெரிய ஆள், தாங்கியது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி நஷ்டஈட்டு உச்சவரம்பு வெறும் 7.5 கோடி டாலர்தான். அரசியல் அழுத்தத்தில் வரம்பை மீறிக் கொடுத்தார்கள். டாங்கர் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினால் நஷ்டஈட்டுக்கு சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. கடலடிக் கிணற்றுக்கு அப்படி உலகப் பொது உடன்படிக்கை கிடையாது. மொன்டாரா எண்ணெய் இந்தோனேசியாவின் ரோட்டே தீவு, குபாங் பக்கம் கடற்பாசி வளர்க்கிறவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. 15,000-க்கும் மேற்பட்ட குடும்பஸ்தர்கள் ஆஸ்திரேலிய கோர்ட்டுக்குப் போய், 2021-ல் ஜெயித்து, 2022 நவம்பரில்தான் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு சமரசம் ஆனது. பதின்மூன்று வருஷம். அவர்களிடம் என்ன ஃபிக்ஸட் டெபாசிட்டா இருந்தது, காத்திருக்க?

நம் ஊருக்கு வருவோம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. அதை எப்படி அள்ளினார்கள்? வாளியில். மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல்படையும் வரிசையாக நின்று கைமாற்றிய பிளாஸ்டிக் வாளி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதே எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் கையில் வாளியும் மக்கும்தான். இவை கிணறு பீறிட்ட விபத்துகள் அல்ல, தெரியும். வந்தது ஒரே தடவை கொட்டிய எண்ணெய், அதுவும் கரையோரத்தில். கிணறு அப்படியில்லை, தினம் வரும். கன்னியாகுமரிக்குத் தெற்கே மிக ஆழமான பிளாக்குகளை 2024-ல் ஏலத்தில் வைத்தார்கள். மீனவர்கள் எதிர்த்தபோது வளர்ச்சிக்கு எதிரிகள் என்று திட்டினவர்கள், இங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிற நம்மவர்கள் சிலரும்தான். தோண்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மீனவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தோண்டு என்கிறேன்.

கே.ஜி. ஆழ்கடலில் ரிலையன்ஸுக்குக் கூட்டாளியாக 2011-லிருந்து இருப்பது யார் தெரியுமா? அதே பி.பி. உலகத்திலேயே அதிக விலை கொடுத்து இந்தப் பாடத்தைப் படித்த கம்பெனி. ஆகவே நமக்கு விஷயம் தெரியாது என்ற சாக்குக்கும் இடமில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஆழ்கடல் கிணற்றுக்கும் அனுமதி தரும் முன், எந்த மூடி, எந்தத் துறைமுகத்தில், எந்தக் கப்பலில், எத்தனை நாளில், மாற்றுக் கிணறு தோண்ட எந்த ரிக், நஷ்டஈட்டுக்கு எவ்வளவு தொகைக்கு எந்த பாங்கின் கேரண்டி என்று ஒரே பக்கத்தில் எழுதி இணையத்தில் போடட்டும், தமிழிலும் தெலுங்கிலும். கிழக்குக் கடற்கரையில் ஒரு மூடியை நம் காசிலேயே வாங்கி வைக்கட்டும். எண்ணெய்க் கம்பெனிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதும். வருஷத்துக்கு ஒரு முறை அதைக் கடலில் இறக்கிக் காட்டட்டும், எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதட்டும். பாதுகாப்பு இயக்ககத்தைப் பெட்ரோலிய அமைச்சகத்திலிருந்து பிரித்து நாடாளுமன்றத்துக்கு நேராகப் பதில் சொல்ல வைக்கட்டும்.

அடுத்த பிளாக் ஏலம் வரும்போது உங்கள் எம்.பி.க்கு ஒரு தபால் போடுங்கள். ஊரில் ஓட்டு இருந்தால் ஊர் எம்.பி.க்கு, மும்பையில் இருந்தால் மும்பை எம்.பி.க்கு. முதல் வரியில் இதை மட்டும் கேளுங்கள்: மூடி எங்கே இருக்கிறது, வர எத்தனை நாள் ஆகும்?