ஸ்ட்ரெச்சர் பட்டையும் பன்னிரண்டு மணி நேர வேலையும்

வேகமாகச் செல்லும் ஆம்புலன்ஸை ஓட்டுநர் திடீரென நிறுத்த நேர்ந்தால் வண்டி நிற்கும். ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரின் உடல் நிற்காது. நோயாளியின் தலை பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையின் பக்கமாகவே இருப்பதால், அவர் தலை முன்னதாக வழுக்கிச் செல்வார். மார்பு, இடுப்பு, கால் ஆகியவற்றின் குறுக்கே கட்டும் பட்டைகள் அவர் உருண்டு விழாமல் காக்கின்றன. முன்னோக்கி வழுக்குவதைத் தடுப்பதோ தோள்களின் மீது வரும் பட்டையே. இவை அனைத்தும் இருந்தும், ஸ்ட்ரெச்சர் வண்டியின் தளத்தோடு பூட்டப்படாவிட்டால் பயனில்லை. பெரியவர்களுக்கான பட்டை குழந்தைகளுக்குப் பொருந்தாது. அவர்கள் தாயின் மடியில் பயணம் செய்கிறார்கள்.

இவையெல்லாம் அறியப்படாத செய்திகள் அல்ல. ஆம்புலன்ஸ்களை நான்கு வகைகளாகப் பிரித்து, அவற்றின் கட்டமைப்புக்கு ஏஐஎஸ் 125 என்னும் தரநிலை விதி வகுத்திருக்கிறது. ஆனால் புதிய வண்டிக்கு விதி எழுதுவது எளிது. நைந்த பட்டையையும் துருவேறிய பூட்டையும் சில ஆண்டுகள் கழித்து மாற்றப்போவது யார்?

2005இல் ஐதராபாத்தில் தொடங்கிய 108 சேவை இன்று பெரும்பாலான மாநிலங்களில் ஒப்பந்த அடிப்படையில் நடத்தப்படுகிறது. அழைப்பு வந்ததிலிருந்து எத்தனை நிமிடங்களில் வண்டி சென்றடைந்தது என்பதே அங்கு முதன்மையான அளவுகோல். பட்டை கட்டப்பட்டதா என்பதை எந்தக் கடிகாரமும் அளப்பதில்லை. பின்புறத்தில் ஒற்றை ஆளாக இருக்கும் மருத்துவ உதவியாளர் நோயாளியைக் கட்ட வேண்டும், ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், பதறும் உறவினரையும் சமாளிக்க வேண்டும். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலும்போது அவர் தமது இருக்கைப் பட்டையை அணிந்திருக்கவும் முடியாது. விபத்து நேர்ந்தபின் ‘கவனக்குறைவு’ என்ற சொல் மட்டும் அவர் பெயருக்கு நேராக எழுதப்படுகிறது.

அந்தக் கவனம் பன்னிரண்டு மணி நேரப் பணியின் இறுதியில் எங்கிருந்து வரும்? நிர்வாகங்கள் ஓட்டுநருக்குப் ‘பைலட்’ என்று பெயர் சூட்டியிருக்கின்றன; விமானிக்குரிய ஓய்வு நேரக் கட்டுப்பாடு மட்டும் அவருக்கு இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என வரையறுத்தது. நோயுற்றோரையும் காயமுற்றோரையும் ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று அதன் 38ஆவது பிரிவே விலக்களித்தது. சேவை அவசரமானது என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். மூன்று முறைப் பணியாளர்களை நியமித்தால் அவசரச் சேவை எதுவும் நின்றுவிடாது; ஒப்பந்ததாரரின் சம்பளச் செலவுதான் கூடும்.

108 ஊழியர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடும்போது, நோயாளிகளைப் பணயம் வைப்பதாக அவர்கள் மீது குற்றம் சாட்டப்படுகிறது. அடுத்த ஒப்பந்தப்புள்ளி கோரப்படும்போது பட்டை மாற்றும் கால அளவையும் இரண்டாவது உதவியாளர் பணியிடத்தையும் அதில் எழுதச் சொல்வோம். யார் மறுக்கிறார்கள் என்று அப்போது பார்க்கலாம்.